வரிசையறிதலும் மதிப்பெண்ணும்

1. முன்னுரை

புதியவர் ஒருவர் தம் பாடலோடு அவைமுன் வந்து நிற்கும்போது அவரை அளப்பவர் யாவர், எக்கோல் கொண்டு அளக்கின்றனர், அவ்வளவை ஏற்போர் யாவர் என்னும் மூன்று வினாக்கள், பாட்டும் இசையும் பயிலும் நாடுகள் அனைத்திலும் எழுவன. தமிழகத்தில் இவை மிகத் தொன்மையானவை. பரிசில் வேண்டி மன்னனிடம் சென்ற புலவரும் பாணரும், நூலொடு அரங்கேறச் சென்ற ஆசிரியரும் இவற்றை எதிர்கொண்டனர். ஆயினும் திறனாய்வு பற்றி நம் பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆராய்ச்சி பெரும்பாலும் நிலைபெற்ற நூல்களையே பொருளாகக் கொள்கின்றது. இன்னும் நிலைபெறாத கலைஞரை முதன்முதலாக மதிப்பிடும் மதிப்புரை என்னும் வகை, ஆராய்வார் இன்றிக் கிடக்கின்றது.

அவ்வகையின் இயல்பை அறிதற்கு ஏற்ற ஒரு சான்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அமெரிக்க நாட்டில் 1996 ஆம் ஆண்டில் தோன்றிய 'பிட்ச்ஃபோர்க்' என்னும் இணைய இசையிதழே அது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் துணையின்றித் தனித்தியங்கும் கலைஞரையும், பலர் அறியாத புதியோரையும் எடுத்துரைப்பதே தன் பணியாகக் கொண்டு அவ்விதழ் எழுந்தது. அதன் மதிப்புரைகளால் உயர்ந்தவரும் உளர், தாழ்ந்தவரும் உளர். அவ்விசையின் நயங்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விதழ் கையாண்ட மதிப்பீட்டு நெறியை, நம் புறப்பாடல்கள் 'வரிசையறிதல்' எனச் சுட்டும் நெறியோடு ஒப்பிட்டு, இரண்டின் வேறுபாட்டால் திறனாய்வாளர்க்குப் புலனாகும் கடமை யாது என ஆராய்வதே நோக்கமாகும்.

2. இதழின் தோற்றமும் வளர்ச்சியும்

இவ்விதழைத் தோற்றுவித்தவர் ரயன் ஷ்ரைபர் என்பார். மினியாபோலிஸ் நகர்ப்புறத்தில் வாழ்ந்த அவர், பள்ளிப் படிப்பு முடித்த நிலையில், எழுத்துத் துறையில் முன்பயிற்சி ஏதும் இன்றி இதனைத் தொடங்கினார். முதற்கண் 'டர்ன்டேபிள்' என வழங்கிய இதழ் 1996 இல் இப்பெயர் பெற்றது. 1999 இல் சிகாகோ நகருக்குப் பெயர்ந்தது. அக்காலத்து இசை ஆர்வலர் தாமே எழுதிப் படியெடுத்துப் பரப்பிய 'ஃபேன்சீன்' என்னும் சிற்றிதழ்களே இதற்கு முன்மாதிரி. அச்சுச் செலவும் தாள் செலவும் இல்லாமையின், அச்சிதழ்கள் இடமின்றி விட்டுவிடும் சிறு கலைஞர்களைப் பற்றியும் நீண்ட மதிப்புரை எழுதுதல் இதற்கு இயல்வதாயிற்று. புதிய கருவி புதிய அவையைப் படைத்தது எனல் பொருந்தும்.

ஆல்பம் என வழங்கும் இசைத்தொகை ஒவ்வொன்றுக்கும் மதிப்புரையொடு ஓர் எண்ணையும் வழங்குதல் இவ்விதழின் தனி வழக்கம். 0.0 முதல் 10.0 வரை பத்தின் கூறுகளாக அவ்வெண் அமையும். எனவே 101 படிகள் உள்ளன. 8.1 பெறும் தொகைக்கும் 8.2 பெறும் தொகைக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்பதனை மதிப்புரையிலிருந்து வருவித்தல் அரிது. ஆயினும், அவ்வெண்ணின் நுணுக்கமே அதற்கு ஓர் அறிவியல் தோற்றத்தை அளித்தது. ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' என்னும் தொகைக்கு 2000 ஆம் ஆண்டில் 10.0 வழங்கப்பட்டபோது, அம்மதிப்புரையின் மிகைபடு நடையும் நிறைவெண்ணும் ஒருங்கே பேசப்பட்டு, இதழின் பெயர் பரவத் தலைப்பட்டது.

3. வரிசையறிதல்

இனி, தமிழ் மரபிலிருந்து ஒப்பீட்டுக்குரிய கருத்தைக் காண்போம். புறநானூற்று 121 ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு ஓர் அறிவுரை கூறுகின்றார். பரிசிலர் பலர் நாற்றிசையினின்றும் வருங்கால் அனைவர்க்கும் வாரி வழங்குதல் வள்ளலுக்கு எளிய செயல். அவரவர் தகுதியின் படிநிலையை உணர்தலே அரிய செயல். ஆதலின் புலவர் எல்லாரையும் ஒரு நிகராக நோக்குதல் தகாது என்பது அவர் கருத்து. தரம் பிரித்தல் கலைக்கு இழுக்கு என்று சிலர் கருதுவர். தரம் பிரிக்க வேண்டும் எனப் புலவரே மன்னனை இடித்துரைத்த மரபு நம்முடையது என்பதனை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனவே, பிட்ச்ஃபோர்க் இதழ் உயர்வு தாழ்வு கண்டது என்பது பற்றி மட்டுமே அதனைக் குறைகூறுதல் பொருந்தாது.

ஆயின், வரிசையறிதல் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதற்கு 208 ஆம் பாடல் விடை தருகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரைக் காணாமலே பரிசிலை அனுப்பினான். புலவர் அதனைக் கொள்ள மறுத்தார். தம்மைக் காணாது தந்த பொருளைக் கொள்ளுதல் வாணிகம் போல்வது என்பதும், தகுதி அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் இனிது என்பதும் அப்பாடலின் கருத்துகள். இவ்விரு பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் இரு விதிகள் பெறப்படும். தகுதி வேறுபாட்டை உணர்தல் வேண்டும் என்பது ஒன்று. அவ்வுணர்வு நேரிற் கண்டு பெறப்பட்டதாதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது இன்றேல் மதிப்பீடு இல்லை. பின்னது இன்றேல் மதிப்பீடு வாணிகமாகும்.

பிட்ச்ஃபோர்க் மதிப்புரையாளர் இசையைக் கேட்டே எண் வழங்கினார் அல்லரோ, அங்குக் காணாமை எங்கே உள்ளது என வினவலாம். தக்க வினாவே இது. மதிப்புரையாளர் கண்டார், ஆனால் அவர் கண்டதை எழுதிய கட்டுரை ஓரிடத்தே நிற்க, எண் மட்டும் தனித்துப் பயணம் செய்தது. வாசகர் பலர் எண்ணை நோக்கி அமைந்தனர். கடைக்காரரும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் எண்ணை வினவினர். 2001 முதல் இயங்கும் 'மெட்டாகிரிட்டிக்' என்னும் தளம், பல இதழ்களின் எண்களைத் திரட்டிச் சராசரி கண்டது. கட்டுரைகளைச் சராசரி காணல் இயலாது. எண்களுக்கே அது இயலும். எனவே காணாமை என்னும் குற்றம் மதிப்புரையாளரிடத்துத் தோன்றியதன்று. அவர் தந்த கருவி அக்குற்றத்தைப் பிறர்க்கு எளிதாக்கியது.

4. உயர்த்திய எண்ணும் தாழ்த்திய எண்ணும்

இவ்வெண் செய்த நன்மையை முதலிற் கூறுதல் முறை. டொரான்டோ நகரின் புரோக்கன் சோஷியல் சீன் என்னும் குழு, அமெரிக்காவில் பெரிதும் அறியப்படாத நிலையில் இருந்தது. 2003 இல் அதன் இரண்டாம் தொகைக்கு ஷ்ரைபரே 9.2 வழங்கி எழுதினார். பெயரறியாத் தொகைகளின் குவியலிலிருந்து அதனை எடுத்துக் கேட்டதாக அவர் குறித்துள்ளார். மான்ட்ரியால் நகரின் ஆர்கேட் ஃபயர் குழு 2004 செப்டம்பரில் வெளியிட்ட 'ஃபியூனரல்' என்னும் தொகை 9.7 பெற்றது. அதனை வெளியிட்ட மெர்ஜ் என்னும் சிறு நிறுவனத்தால் கேட்போர்க்கெல்லாம் படிகள் தர இயலாத அளவு வேட்கை மிகுந்தது. அக்குழு 2011 இல் தன் மூன்றாம் தொகைக்காக அமெரிக்காவின் கிராமி விருதினை, ஆண்டின் சிறந்த தொகை என்னும் பிரிவிற் பெற்றது. 2005 இல் கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா என்னும் குழுவின் முதல் தொகை 9.0 பெற்றது. அதற்கு வெளியீட்டு நிறுவனமே இல்லை. குழுவினர் தாமே குறுந்தகடுகளை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பினர். புரவலர் இல்லாதவர்க்கு அவை கிடைத்தமை சிறுநன்மை அன்று.

தாழ்வும் அதே வாயிலாகவே வந்தது. டிஸ்மெம்பர்மென்ட் பிளான் என்னும் குழுவின் 1999 ஆம் ஆண்டுத் தொகையை இவ்விதழ் 9.6 வழங்கிப் போற்றியது. அக்குழு கலைந்தபின் அதன் பாடகர் டிராவிஸ் மாரிசன் 2004 இல் தனித்து வெளியிட்ட தொகைக்கு 0.0 வழங்கியது. அம்மதிப்புரை வெளிவந்ததும் தம் நிகழ்ச்சிக்கு வருவோர் நோக்கே மாறிவிட்டது என மாரிசன் 2006 இல் செய்தித்தாளுக்குத் தெரிவித்தார். அவர்கள் தம் செவியை நம்பாமல், தாம் அங்கு இருத்தல் தகுமோ என ஐயுற்று நின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம். திறனாய்வு, கேட்போரின் சுவையுணர்வைக் கூர்மையாக்குதற்கு உரியது. அஃது அவ்வுணர்வின் இடத்தைத் தானே பற்றிக்கொள்ளுமாயின், தன் தொழிலுக்கு மாறுபட்டதாகும்.

பிளாக் கிட்ஸ் என்னும் குழுவின் வரலாறு இன்னும் தெளிவானது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த இக்குழு 2007 இல் நான்கு பாடல்களைக் கொண்ட சிறு தொகையை வெளியிட்டு 8.4 பெற்றது. அவ்வெண் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிற்று. அடுத்த ஆண்டில் அதன் முதற்பெருந்தொகை வந்தது. அதற்கு இதழ் வழங்கிய எண் 3.3. மதிப்புரை என ஒன்றும் இல்லை. இரு நாய்களின் படமும், வருந்துகிறோம் என்னும் பொருள்படும் ஒரு சொல்லுமே இருந்தன. வருத்தம் யாரிடம் தெரிவிக்கப்பட்டது? தம் முன்னைய புகழ்ச்சியை நம்பிய வாசகரிடமே எனத் தோன்றுகின்றது. ஓராண்டுக்குள் உயர்த்தி, ஓராண்டுக்குள் கைவிட்ட இச்செயலில், வளரும் கலைஞனின் வளர்ச்சிக்கு இடமே இல்லாமற் போயிற்று. புதியோரைக் கண்டெடுத்தல் என்னும் பணிக்கும் புதுமையை நுகர்தல் என்னும் பசிக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும்.

5. சொல்லாத மதிப்புரை

மேற்காட்டியது தனி நிகழ்ச்சியன்று. 2006 இல் ஆஸ்திரேலியாவின் ஜெட் என்னும் குழுவின் தொகைக்கு 0.0 வழங்கியபோதும், சொற்களுக்கு மாறாக, அருவருப்புத் தரும் ஒரு குரங்கின் காட்சியையே இதழ் இட்டது. நகைச்சுவை திறனாய்வுக்குப் பகையன்று. நம் தனிப்பாடல் திரட்டில் வசை பாடிய புலவர் பலர். எனினும் வசைகவி பாடுவோன் தன் சொல்வன்மையால் வசை பாடினான். தானும் ஒரு பாட்டியற்றிப் பொருதான். சொல்லே இன்றி எண்ணும் படமும் இட்டு அமைதல், பொருதாமலே வெற்றி கூறுதலை ஒக்கும்.

அரங்கேற்ற மரபு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்ட செய்தியைத் தருகின்றது. ஆசான் வினாவ ஆசிரியர் விடை கூறினார் என உரையாசிரியர் விளக்குவர். இச்செய்தியின் வரலாற்று உண்மை எத்தகையதாயினும், அதன் உட்கிடை தெளிவு. தடை எழுப்புவோன் தடைக்குரிய காரணத்தைக் கூற வேண்டும். நூலாசிரியன் விடையளிக்க இடம் வேண்டும். காரணம் கூறாத எண்ணுக்கு விடையளித்தல் எவ்வாறு? 'இப்பகுதியில் இசை தளர்கின்றது' என்று ஒருவர் எழுதின், தளரவில்லை எனக் காட்டலாம். '3.3' என்பதற்கு மறுமொழி இல்லை.

இவ்வாறு கூறுவதனால் இவ்விதழில் நற்கட்டுரைகள் இல்லை என்பது பொருளன்று. காலப்போக்கில் அதன் எழுத்து முதிர்ந்தது. 2016 முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய தொகை ஒன்றை எடுத்து, அது தோன்றிய சூழலையும் அதன் பின்விளைவையும் விரித்துரைக்கும் நெடுங்கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் பல நம் மாணவர் பயிலத்தக்கன. அவசரம் நீங்கிய இடத்தில் அவ்விதழ் தன் ஆற்றலைக் காட்டியது என்பதே ஒரு செய்தியாகும்.

6. இயற்றியவர் யார்

மதிப்பீட்டினும் முற்பட்ட கடமை ஒன்று உண்டு. இயற்றியவரைச் சரியாக அறிதலே அது. இவ்விடத்து நம் மொழியினரான ஒரு கலைஞரின் செய்தி பொருந்தி வருகின்றது. எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி மாயா அருள்பிரகாசம் இலண்டனில் பிறந்து, ஈழத்தில் இளமையைக் கழித்து, மீண்டும் இங்கிலாந்து சென்றவர். 2005 இல் வெளிவந்த அவரது முதல் தொகை 'அருளர்' எனத் தந்தையின் இயக்கப்பெயரையும், 2007 இல் வந்த இரண்டாவது 'கலா' எனத் தாயின் பெயரையும் தாங்கின. இவ்விதழ் முன்னதற்கு 8.6 உம் பின்னதற்கு 8.9 உம் வழங்கியது. எண்ணளவில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆயினும் 2007 இல் அதே இதழுக்கு அளித்த நேர்காணலில் அவர் தம் மனக்குறையை வெளியிட்டார். தம் முதல் தொகையின் ஆக்கம் முழுவதும் டிப்ளோ என்னும் அமெரிக்க ஆடவர்க்கே உரியது போலப் பல இதழ்கள் எழுதியதை மறுத்தார். பெண் என்பதாலும், வளம் குறைந்த நாட்டினர் என்பதாலும், தம்மைப் போன்றோர்க்குச் சொந்தக் கருத்து இராது எனப் பிறர் எண்ணுவதாக வருந்தினார். எட்டாண்டுகளுக்குப் பின், 2015 இல், ஐஸ்லாந்தின் பியோர்க் அம்மையாரும் அவ்விதழிலேயே இதனை ஒத்த குறையைக் கூறினார். தம் இசையை ஒலியமைத்த உழைப்பு, உடன் பணியாற்றிய ஆடவர்க்கே ஏற்றி உரைக்கப்பட்டது என்பது அவர் கூற்று. இக்குறைகளை மறைக்காது வெளியிட்டமை இதழின் நேர்மைக்குச் சான்று. இசை பற்றி எழுதுவோரிடையே அப்பிழை எத்துணை வேரூன்றியிருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

பரிபாடலைப் பயின்றோர்க்கு இச்செய்தி தனிச்சுவை பயக்கும். கிடைத்துள்ள பாடல்களுள் பலவற்றின் இறுதிக் குறிப்புகள் பாட்டியற்றிய புலவர் பெயரையும், இசை வகுத்தவர் பெயரையும், பண்ணையும் வேறு வேறாகத் தருகின்றன. பெட்டனாகனார், கண்ணகனார், நன்னாகனார் முதலிய இசைவகுத்தோர் பெயர் அக்குறிப்புகளாலேயே நமக்குக் கிடைத்தன. அக்குறிப்பு எழுதியோர் புகழ்ந்தும் எழுதவில்லை, இகழ்ந்தும் எழுதவில்லை. சொல் யாருடையது, இசை யாருடையது என்பதனை மட்டும் கலவாமல் காத்தனர். இவ்வெளிய செயல், 8.6 என்னும் எண்ணினும் கலைஞர்க்குப் பெருங்கொடை எனக் கருதுகின்றோம்.

கருப்பொருள் அறிவும் வரிசையறிதலின் பகுதியே. 'கலா' என்னும் தொகையில் சென்னையில் பதிவு செய்யப்பட்ட உருமி முழக்கம் உண்டு. தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தவிடத்துப் பறையையும் யாழையும் நிலத்தோடு இயைத்தே வைத்தார். ஒரு முழக்கம் எந்த நிலத்தது, எவ்வினைக்கு முழங்குவது என அறிந்து கேட்பவர் செவிக்கும், அதனைப் புதுமையான ஓர் ஓசையாகக் கேட்பவர் செவிக்கும் ஒரே பொருள் புலப்படாது. சாவு வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் முழங்கும் உருமியை நடன அரங்கில் ஒலிக்கச் செய்தது துணிவா, சிதைவா என்னும் வினா, அதன் இடமறிந்தவர்க்கே எழும். எண் அவ்வினாவைத் தொடுதலும் இல்லை. இத்தகைய இடத்தில் தமிழ் கற்றோர் வாய் திறவாது இருந்தமை நம் பக்கத்துக் குறையே.

7. எண்ணைத் திருத்துதல்

2021 ஆம் ஆண்டில், தன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி, இதழ் ஓர் அரிய செயலைச் செய்தது. தான் முன்னர் மதிப்பிட்ட 19 தொகைகளின் எண்களை மறுபடி வழங்கியது. பிரெஞ்சு இசைவாணர் டாஃப்ட் பங்க் 2001 இல் வெளியிட்ட 'டிஸ்கவரி' 6.4 இலிருந்து 10 ஆக உயர்ந்தது. இன்டர்போல் குழுவின் 2002 ஆம் ஆண்டுத் தொகை 9.5 இலிருந்து 7.0 ஆகத் தாழ்ந்தது. லிஸ் ஃபேர் அம்மையார் 2003 இல் தம் பெயராலேயே வெளியிட்ட தொகை 0.0 இலிருந்து 6.0 ஆயிற்று. இவ்விறுதி மதிப்புரையை எழுதியவர் 2019 இலேயே அம்மையாரிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருந்தார்.

இதனை எவ்வாறு மதிப்பது? தன் தீர்ப்பு மாறத்தக்கது என ஒப்புக்கொண்டமை பாராட்டற்குரியது. ஆனால் அவ்வொப்புதல் எண்ணின் அடித்தளத்தையே அசைக்கின்றது. பத்தில் ஒரு கூறு வரை நுணுகி அளந்ததாகக் கூறிய கோல், இருபது ஆண்டிற்குள் ஆறு முழு எண் அளவு பிழைபட்டது எனின், அந்நுணுக்கம் தோற்றமே என்பது போதரும். கட்டுரைக்கு இத்தீங்கு இல்லை. 2001 இல் ஒருவர் ஒரு தொகையை ஏன் விரும்பவில்லை எனக் காரணங்காட்டி எழுதியது, இன்று நம் கருத்துக்கு மாறாயினும், அக்காலச் சுவைக்கு ஆவணமாக நிற்கும். நச்சினார்க்கினியர் கூறிய பொருளை மறுப்போர் கூட அவர் உரையைப் படிக்கின்றனர். அவர் காரணம் கூறியதே அதற்குக் காரணம்.

இதனோடு வேறொரு செய்தியையும் ஒப்பிடல் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் எழுதிய மதிப்புரைகள் சிலவற்றை இதழ் தன் தொகுப்பிலிருந்தே அகற்றிவிட்டது. பெல் அண்ட் செபாஸ்டியன் என்னும் ஸ்காட்லாந்துக் குழுவின் 1998 ஆம் ஆண்டுத் தொகைக்கு 0.8 வழங்கிய மதிப்புரை அவற்றுள் ஒன்று. திருத்துதல் வேறு, அழித்தல் வேறு. பாடவேறுபாட்டைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காட்டுவது போல, பழைய தீர்ப்பையும் புதிய தீர்ப்பையும் அருகருகே வைத்தலே கற்றோர் நெறி.

8. அவை கைமாறியது

2015 அக்டோபரில் காண்டே நாஸ்ட் என்னும் பெரும் இதழ் நிறுவனம் பிட்ச்ஃபோர்க்கை விலைக்கு வாங்கியது. இளைஞரான ஆடவர் கூட்டத்தை இவ்விதழ் தங்களுக்குத் தருகின்றது என அந்நிறுவன அலுவலர் ஒருவர் அப்போது கூறியது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பெண் எழுத்தாளரும் பெண் வாசகரும் பலர் இருந்த இதழைப் பற்றிய அக்கூற்று, பின் நிகழ்ந்ததற்கு முன்னறிவிப்புப் போல் அமைந்தது. 2024 சனவரியில் இதழை, ஆடவர்க்குரிய 'ஜிக்யூ' என்னும் இதழின் கீழ் இணைப்பதாக நிறுவனம் அறிவித்தது. ஆசிரியர் குழுவில் பலர் பணியிழந்தனர். 2006 முதல் சிகாகோவின் யூனியன் பூங்காவில் நடந்துவந்த இதழின் இசைவிழாவும் 2024 ஆம் ஆண்டோடு நின்றது.

இதன் காரணங்களுள் ஒன்று இதழுக்குப் புறம்பானது. இசைத்தொகையை விலை கொடுத்து வாங்கிய காலத்தில், வாங்குமுன் ஒருவர் சொல் வேண்டியிருந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பரவியபின் எவரும் உடனே கேட்டுப் பார்க்கலாம். வாங்குவோர்க்கு வழிகாட்டுதல் என்னும் பணி இவ்வாறு தேய்ந்தது. எண்ணின் பயன் பெரும்பாலும் அப்பணியையே சார்ந்திருந்தமையின் எண்ணும் தளர்ந்தது. ஏன் கேட்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும் எனக் கூறும் பணியோ தேயவில்லை. கேட்பதற்குரியவை பெருகியதால் மிகுந்தது என்றே கூறலாம்.

பின் நிகழ்ந்தவை இதனை உறுதி செய்கின்றன. பணியிழந்தோரும் விலகியோரும் ஆகிய ஐவர் 2024 அக்டோபரில் 'ஹியரிங் திங்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினர். எழுதுவோரே உரிமையாளராக உள்ள அவ்விதழ், வாசகர் சந்தாவால் இயங்குவது. அதே ஆண்டில் பிட்ச்ஃபோர்க்கின் தலைமைப் பொறுப்பு, 'நோ பெல்ஸ்' என்னும் சிறு இணைய இதழைத் தோற்றுவித்த மனோ சுந்தரேசன் என்பாரிடம் அளிக்கப்பட்டது. பெரிய அவையினின்று சிறு அவைகள் பிரிவதும், சிறு அவையினின்று பெரிய அவைக்கு ஒருவர் அழைக்கப்படுவதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. அடிநிலைக் கலைஞரை அறியும் செவி அவர் அருகில் வாழ்வோரிடமே உள்ளது என்பதனை நிறுவனமும் உணர்ந்தது போலும்.

9. முடிவுரை

குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோ முதலிய தொகுப்பாசிரியர் செயலை ஈற்றில் எண்ணிப் பார்ப்போம். அவர்களும் எண்ணைக் கையாண்டனர். நான்கு முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டடி வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை அகநானூறு என அடியளவே எல்லையாயிற்று. அவ்வெண் பாட்டின் நீளத்தை அளந்தது. புலவனின் தகுதியை அளக்கவில்லை. சேர்ப்பதும் நீக்குவதும் ஆகிய தீர்ப்பை அவர்களும் செய்தனர் என்பது உண்மை. நீக்கப்பட்டோர் யாவர் என அறிய நமக்கு வழியில்லை. ஆயினும் சேர்த்தபின் கபிலர்க்கு ஓர் உயரமும், ஒரே பாடலால் அறியப்படுபவர்க்கு ஒரு தாழ்வும் அவர்கள் வைக்கவில்லை. இயற்பெயர் மறைந்த புலவரையும் அவர் பாட்டில் அமைந்த தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எனப் பெயரிட்டு நிறுத்தினர். பாட்டைக் கூர்ந்து படித்தவரே இவ்வாறு பெயரிட இயலும். பெயரற்ற கலைஞனுக்கு அவன் கலையிலிருந்தே பெயர் கண்டு தருதல், வரிசையறிதலின் உச்சம் எனலாம்.

இந்நோக்கில் பிட்ச்ஃபோர்க் இதழின் கால் நூற்றாண்டு வரலாறு நமக்குத் தரும் முடிபுகள் சில. அறியப்படாதாரைத் தேடிச் சென்று கேட்டமை அதன் பெருமை. கேட்டதை எண்ணாகச் சுருக்கி, அவ்வெண் தனித்துத் திரிய இடம் அளித்தமை அதன் குறை. காரணம் கூறிய இடங்களில் அதன் பிழைகளும் பயன்தருவன. கூறாத இடங்களில் அதன் மெய்களும் பயனற்றன. இயற்றியவரையும் அவர் நிலத்தையும் அறியாத மதிப்பீடு, உயர்வாயினும் அறிந்து தந்த பரிசில் ஆகாது.

இம்முடிபுகள் பழைய செய்தியைப் பற்றியன மட்டும் அல்ல. 2024 முதல் ஸ்பாட்டிஃபை நிறுவனம், பன்னிரண்டு திங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்குப் பங்குத்தொகை இல்லை என விதித்துள்ளது. இங்கு எண்ணிடுவோர் கேட்கவும் இல்லை, கட்டுரையும் இல்லை, வினவத்தக்க ஒருவரும் இல்லை. 0.0 வழங்கிய மதிப்புரையாளர் ஒருமுறையேனும் கேட்டார். கேளாமலே அளக்கும் கோல் இப்போது வந்துவிட்டது. பெருஞ்சித்திரனார் மறுத்த பரிசில் இதனினும் மேம்பட்டது. ஏனெனின் அங்கே கொடையேனும் இருந்தது.

ஆதலின், தமிழாய்வு பயில்வோர் நிலைபெற்ற நூல்களோடு நில்லாது, இன்று பாடும் பெயரறியாப் பாடகர் ஒருவரையேனும் நேரிற் கேட்டு, சொல் யாருடையது, இசை யாருடையது, முழவு எந்நிலத்தது என ஆராய்ந்து, காரணங்காட்டி எழுதுதல் வேண்டும். எண் இட வேண்டுவதில்லை. அவ்வாறு எழுதப்படும் சில பக்கங்கள், பின்வருவோர்க்குப் பரிபாடற் குறிப்புகளைப் போல் உதவும்.